சாட்டர்டன் துரையும் எங்க வீட்டு ஈயச்சட்டியும்

(மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என் பின்னாலேயே அலைந்தபோது, அப்துல் கலாமைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விசாரித்துப் பார்த்தால் கலாம் ஐயாவைப் பற்றி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்து கிடக்கிறது. விஸ்வேஸ்வரய்யாவுக்கு மூணு. சரி, விஸ்வேஸ்வரய்யாவோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு காலத்தில் சென்னை ராஜதானி முழுக்க அடிபட்ட பெயர். இன்றைக்கு நம் வகுப்பில் கேட்டால், எந்த டீமுக்கு ஆடினார் என்பார்கள். அவர் பெயர் ஆல்பிரட் சாட்டர்டன். சர் பட்டம் வாங்கியவர். அவர் கதைக்குப் போகும் முன்னால், நான் நாசம் பண்ணிய ஒரு தகட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முதலாம் ஆண்டு ஒர்க் ஷாப். ஷீட் மெட்டல் பிரிவில் ஜி.ஐ. தகட்டில் டிரே, புனல் எல்லாம் முடித்துவிட்டு, நேரம் மிச்சம் இருந்ததால் சார் ஆளுக்கு ஒரு துண்டு அலுமினியத் தகடு கொடுத்தார். ஒரு மில்லி தடிமன். அதை ஒரு குழிவான தட்டாகத் தட்ட வேண்டும். கொட்டாப்புளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். முதல் பத்து நிமிஷம் சப்பாத்தி மாவு மாதிரி சொன்னபடி கேட்டது. எனக்கு ஒரே தெம்பு. அப்புறம் என்னவோ தெரியவில்லை, தட்டினால் குதிக்கிறது, அமுங்க மாட்டேன் என்கிறது. நான் விடுவேனா? ஓங்கிப் போட்டேன். விளிம்பு ஓரமாகச் சரக்கென்று ஒரு விரிசல். மார்க் போச்சு. அந்தத் துண்டை ஸ்கிராப் பெட்டியில் போட மனசு வராமல் பையில் போட்டு ஊருக்குக் கொண்டு போய்விட்டேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஒரு கரிசல் கிராமம். மழை வந்தால் சேறு, வராவிட்டால் வெடிப்பு, நடுவில் சீமைக்கருவேலம். அந்தப் பக்கத்து நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என் தாத்தாவின் அப்பா அருப்புக்கோட்டையில் செம்பு, பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தவர். தாத்தா சின்ன வயதில் அங்கே துருத்தி ஊதியவர். பட்டறை போய் ரொம்ப வருஷம் ஆகிறது. கை மட்டும் மறக்கவில்லை.

விரிசல் விட்ட தகட்டைத் தாத்தா கையில் வாங்கி, விரலால் சுண்டிச் சத்தத்தைக் கேட்டார். தகடு களைச்சுப் போச்சு, இதுக்கு மேல அடிச்சா அது என்ன செய்யும் என்றார். இடையிலே சுடவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் மூன்று வருட டிப்ளமாவும் அடிபட்டுப் போயிற்று. பிறகு துணி துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்துத் தகட்டின் மேல் கோடு கோடாகத் தேய்த்தார். இடுக்கியில் பிடித்து விறகு அடுப்பின் மேல் காட்டினார். சோப்புக் கோடு முதலில் பழுப்பானது, அப்புறம் கறுத்தது. கறுத்த உடனே எடுத்துவிட்டார். ஆறின பிறகு வளைத்துப் பார் என்று கொடுத்தார். வாழை மட்டை மாதிரி வளைந்தது.

நண்பர்களே, இதுதான் நாம் மெட்டீரியல் சயின்ஸ் ரெக்கார்டில் சிவப்பு மையால் கோடு போட்டு எழுதுகிற ஒர்க் ஹார்டனிங், அனீலிங். மிருதுவான உலோகம் அடி வாங்க வாங்க உள்ளே படிக அடுக்குகள் நழுவி, ஒன்றோடொன்று சிக்கி, மேற்கொண்டு நழுவ இடமில்லாமல் இறுகிவிடுகிறது. 350, 400 டிகிரி வரை சூடு காட்டினால் சிக்கல் அவிழ்ந்து புதுப் படிகங்கள் உண்டாகி மறுபடி இளகுகிறது. செம்பு என்றால் சிவக்கிற நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம். அது உருக 1085 டிகிரி வேண்டும் என்பதால் பயமும் இல்லை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதுவரை நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கவும் செய்யாது. இப்போது திடமாக இருக்கும், அடுத்த நிமிஷம் தீக்குள் சொட்டிவிடும். அதற்குத்தான் சோப்பு. அது கறுக்கிற சூடும் தகடு இளகுகிற சூடும் ஏறத்தாழ ஒன்று.

செம்புப் பட்டறைக்காரருக்கு இந்த அலுமினிய வித்தை எங்கிருந்து வந்தது என்று தாத்தாவிடம் கேட்டேன். மெட்ராஸிலே ஒரு வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கூடம் வைத்து இந்தத் தகட்டைப் பழக்கிவிட்டாராம், அப்பா சொல்லுவார் என்றார். துரை பெயர் தெரியாது. அதைத் தேடித்தான் நம் நூலகத்தில் ஒரு லீவு முழுக்க உட்கார்ந்தேன்.

சாட்டர்டன் 1866ல் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனில் பின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். அதுவும் ஏறக்குறைய நம் பாலிடெக்னிக் ஜாதிதான். கையில் கருவி பிடித்துப் படிக்கிற இடம். 1888ல், 22 வயதில், சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இன்றைக்குக் கிண்டியில் இருக்கும் கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது. 22 வயதில் பேராசிரியர்! நமக்கு 22 வயதில் அரியர் முடிந்தால் அதுவே பெரிது.

ஒன்பது வருஷம் கழித்து, 1897ல், சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்தப் பள்ளி 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. இன்றைக்குப் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். ஓவியம், சிற்பம் மட்டும் இல்லாமல் மரவேலை, மண்பாண்டம், உலோக வேலை என்று பட்டறைகளும் அங்கே இருந்தன. சாட்டர்டன் ஓவியர் இல்லை, என்ஜினியர். அவருக்குக் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய படங்கள் அல்ல. பட்டறையில் இருந்த கைகள். தலைமுறை தலைமுறையாகத் தகடு தட்டிப் பழகிய கைகள். இந்தக் கைக்கு உலகம் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிற உலோகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார்.

அலுமினியம் அப்போது நிஜமாகவே புதுசு. 1884ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் மூன்று கிலோவுக்கும் குறைவான ஒரு அலுமினிய முனையை வைத்து ஊரே பெருமைப்பட்டது என்றால் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1886ல் அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரூல்ட் என்று இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருக்கும் அப்போது வயது 22, 23தான். (இந்த 22 என்னை விட மாட்டேன் என்கிறது.) அதற்குப் பிறகு விலை மளமளவென்று இறங்கியது.

1898ல் அரசாங்கத்திடம் கொஞ்சம் பணம் வாங்கி, கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரப் பிரிவை சாட்டர்டன் ஆரம்பித்தார். உலோகம் கப்பலில் வந்தது. கணக்கு சுலபம். பித்தளையின் அடர்த்தி ஏறக்குறைய 8.5, அலுமினியம் 2.7. மூன்று கிலோ பித்தளையில் செய்கிற பாத்திரத்தை, அதே தடிமனில், ஒரு கிலோவுக்கும் குறைந்த அலுமினியத்தில் செய்துவிடலாம். எடைக்கு எடை விலை கூடினாலும் பாத்திரத்துக்குப் பாத்திரம் போட்டி போட முடியும். ஈயம் பூச வேண்டியதில்லை என்பது இன்னொன்று. செம்பு, பித்தளையில் ஈயம் தேய்ந்து போன இடத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நவச்சாரம் தேய்த்து ஈயம் பூசுகிறவர் வாசலுக்கு வந்தாக வேண்டும். அலுமினியத்தில் அந்தச் செலவு இல்லை.

ஆனால் செம்பு தட்டிய கை அப்படியே அலுமினியம் தட்டிவிடாது. அதுதான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக இருந்தது. சூட்டின் வித்தியாசத்தை மேலே சொன்னேன். அடியும் வேறு. அலுமினியத்தின் மேல் இரும்புச் சுத்தியலை நேராகப் போட்டால் ஒவ்வொரு அடியும் தழும்பாக நிற்கும், தகடு மெலிந்து போகும். மரக் கொட்டாப்புளி வேண்டும், பட்டடை வழவழப்பாக இருக்க வேண்டும், அடி பலமாக விழாமல் பரவலாக விழ வேண்டும். ஒட்டுப்போடும் விஷயம் அதைவிட மோசம். காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு தோல் படர்ந்துவிடும். துருப் பிடிக்காமல் காப்பாற்றுவதும் அதுதான், செம்புக்குப் பற்ற வைக்கிற மாதிரி ஈயப்பற்று வைத்தால் ஒட்டாமல் உருண்டு ஓட வைப்பதும் அதுதான். அதனால் கைப்பிடியை ஆணி அடித்து முறுக்க வேண்டும், வாயை மடக்கி ஓரம் கட்ட வேண்டும். நம் ரிவெட் ஜாயின்ட், ஹெம்மிங் பாடம் எல்லாம் அங்கே பிழைப்பாக இருந்தது.

இங்கேதான் சாட்டர்டனை எனக்குப் பிடிக்கிறது. கரும்பலகையில் எழுதிப் போட்டு, மாதிரிக்கு ஒன்று செய்து, அலமாரியில் பூட்டி வைக்கிற பள்ளிக்கூடமாக அதை அவர் நடத்தவில்லை. செய்த பாத்திரம் கடைக்குப் போக வேண்டும். காசு கொடுத்து ஒருத்தர் வாங்க வேண்டும். வாங்கியவர் வீட்டில் அடுப்பில் ஏற வேண்டும். ஓட்டை விழுந்தால் செய்தவன் தலை குனிய வேண்டும். தொழிலைக் கற்றுக் கொடுப்பதும் நடத்திக் காட்டுவதும் ஒரே வேலை என்பது அவர் நினைப்பு. விற்று லாபம் வந்தால், பார்க்கிற தனியார் தானாகப் பணம் போடுவார்கள், அப்போது அரசாங்கம் விலகிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். அப்படியே நடந்தது. 1900ல் சென்னையில் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்று ஒன்று உருவானது. 1903ல் கலைப் பள்ளியின் அலுமினியப் பிரிவை அதனிடம் விற்றுவிட்டார்கள். ஐந்தே வருஷத்தில் ஒரு ஒர்க் ஷாப் பாடம் ஒரு தொழிலாகிவிட்டது.

நான் முதலாம் ஆண்டில் முப்பது மணி நேரம் ராவி ராவிப் பண்ணிய ‘வி’ ஃபிட்டிங், வைவா முடிந்த அன்று ஸ்கிராப்புக்குப் போயிற்று. உங்களுடையதும் அப்படித்தான். அதனால் சொல்கிறேன்.

அடுத்து அவர் கை வைத்தது தோலில். அதற்கும் நம் வறண்ட காட்டுக்கும் நேர்ச் சம்பந்தம் உண்டு. கமலை கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், சாலின் தோல் தண்ணீரிலேயே கிடந்து அழுகி, அடிக்கடி மாற்ற வேண்டியதாகும். குரோமியம் உப்பில் பதப்படுத்திய தோல் தண்ணீரில் தாங்கும் என்று அதையும் பள்ளியிலேயே செய்து காட்ட ஆரம்பித்தார். கமலையிலும் ஏற்றத்திலும் மணிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து பார்த்த மனிதர் அவர். அளந்துவிட்டு, இது போதாது என்று, கிணற்றில் ஆயில் என்ஜினும் பம்பும் வைத்துப் பார்க்கும் வேலையைச் செங்கல்பட்டுப் பக்கம் தொடங்கினார். இன்றைக்கு எங்கள் ஊர்க் கிணற்று மேட்டில் கமலைக்கல் இரண்டு மட்டும் நிற்கிறது, பக்கத்தில் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் அறுநூறு அடிக்குக் கீழே போனதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

1906ல் சேலத்தில் ஒரு நெசவு நிலையம். கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும் தறியில் நெசவாளர்களைப் பழக்குவது நோக்கம். அருப்புக்கோட்டை நண்பர்கள் இதைக் கவனிக்கவும், உங்கள் தெருத் தறியின் கதையும் இதில் இருக்கிறது. தறி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மணி அடித்தால் வந்து, மணி அடித்தால் போகிற வேலை நெசவாளருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில், தன் தறியில், தன் நேரத்தில் நெய்து பழகியவர்கள். உலோகத்தின் குணத்தைப் படித்த அளவுக்கு மனுஷர் குணத்தை துரை படிக்கவில்லையோ என்று எனக்கு இந்த இடத்தில் தோன்றியது.

இதற்குள் சென்னை வெள்ளைக்கார வியாபாரிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கமே பட்டறை வைத்துப் பாத்திரமும் தோலும் விற்றால் வியாபாரி எங்கே போவான் என்பது அவர்கள் வழக்கு. விஷயம் லண்டன் வரை போயிற்று. 1910ல் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு தீர்ப்பு எழுதிவிட்டார். அரசாங்கப் பணம் தொழில் கல்விக்கு மட்டும்தான், தொழில் நடத்துவதற்கு இல்லை. சேலம் நிலையம் மூடப்பட்டது. தோல் பட்டறை கை மாறியது.

அதாவது, கற்றுக்கொடு, ஆனால் விற்காதே. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஒர்க் ஷாப் அந்த உத்தரவுக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1912ல் மைசூர் சமஸ்தானம் சாட்டர்டனை அழைத்துக்கொண்டது. அதே வருஷம்தான் விஸ்வேஸ்வரய்யா அங்கே திவானாகிறார். மார்லியின் சட்டம் அங்கே செல்லாது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குச் சந்தனக் கட்டை போவது நின்றபோது, எண்ணெயை இங்கேயே எடுத்தால் என்ன என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து முயன்று, 1916ல் எடுத்தும் காட்டினார். அந்த எண்ணெயில் வந்ததுதான் மைசூர் சாண்டல் சோப். (தாத்தா தகட்டில் தேய்த்தது இதுவல்ல, அதற்குச் சாதா சோப்பே போதும்.) 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழில் கமிஷனில் உறுப்பினர், 1919ல் சர் பட்டம். பிறகு இங்கிலாந்து திரும்பி, 1958ல், 91 வயதில் காலமானார்.

அலுமினியம் இந்த நாட்டிலேயே உருக வேண்டும் என்ற எண்ணம் பலிக்க ரொம்ப நாள் ஆயிற்று. ஒரு கிலோ அலுமினியத்துக்கு இன்றைய முறையிலேயே ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மலிவான மின்சாரம் இல்லாமல் பாக்சைட் மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1943ல் கேரளத்தில் ஆலுவாய் அருகே உருக்கினார்கள். தமிழ்நாட்டில் மேட்டூரில் 1965ல்தான். சாட்டர்டன் தகடு இறக்கிய 1898லிருந்து 67 வருஷம்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பெருமையாகத் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். பெரிய ஆள்தான் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நம்ம பட்டறையை மூடினதும் அந்தத் தகடுதானே என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் பித்தளைக் குடம் வெறும் பாத்திரம் இல்லை. கல்யாணச் சீரில் வரும். மழை பொய்த்த வருஷம் அடகுக்கடைக்குப் போகும். விளைந்தால் திரும்பி வரும். திரும்பாவிட்டாலும் எடைக்குக் காசு. அதைச் செய்கிறவர், ஈயம் பூசுகிறவர், நெளிசல் எடுக்கிறவர் என்று ஒரு தெருவே அதில் சாப்பிட்டது. அலுமினியம் வந்தது. லேசாக இருந்தது, ஏழை வாங்க முடிந்தது, காட்டு வேலைக்குக் கம்பங்கூழ் கொண்டு போகத் தூக்குச்சட்டி கிடைத்தது. எங்கள் அப்பத்தா அதை இன்னமும் ஈயச்சட்டி என்றுதான் சொல்லும். ஆனால் அதை அடகு பிடிக்க ஆள் இல்லை. ஈயம் பூச வேண்டியதில்லை என்றால் பூசுகிறவருக்கு வேலை இல்லை. தாத்தாவின் அப்பா கொஞ்ச காலம் அலுமினியத்துக்கும் மாறித் தட்டிப் பார்த்திருக்கிறார். அந்தச் சமயத்தில் பழகியதுதான் சோப்பு வித்தை. ஆனால் லேத்தில் வட்டத் தகட்டைச் சுழலவிட்டு, கட்டையால் அழுத்தி நாலு நிமிஷத்தில் சட்டி எடுக்கிற பட்டறையோடு கொட்டாப்புளி எவ்வளவு நாள் ஓடும்? அதன் பிறகு எவர்சில்வர் வந்து மிச்சத்தையும் முடித்தது.

சாட்டர்டன் கெடுதல் நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கைகளுக்குப் புது உலோகம் கொடுத்தால் அவர்கள் பிழைப்பார்கள் என்று நினைத்தவர். கலைப் பள்ளிக்குள் வந்த கைகள் பிழைத்திருக்கலாம். அருப்புக்கோட்டைப் பட்டறைக்கு அந்தப் பள்ளி வரவில்லை, தகடு மட்டும்தான் வந்தது. தாத்தாவோடு இதைப் பற்றி ரெண்டு நாள் வாதாடினேன். அவர் என் பக்கம் வரவில்லை. நானும் முழுசாக அவர் பக்கம் போகவில்லை.

விரிசல் விட்ட தகடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விரிசல் வரை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மூணு தடவை சோப்புப் போட்டுச் சுட்டு, ஒரு சின்னக் குழித்தட்டு தட்டினேன். வாய் கொஞ்சம் கோணல். ஆனால் தண்ணீர் ஒழுகாது. ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்து மெஸ்ஸில் கொடுத்தேன். யாராவது புழங்க வேண்டும் என்பதற்காகத்தான். மறுநாள் போய்ப் பார்த்தால் மாஸ்டர் அதில் கல் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறார். அண்ணே, அலுமினியத்தில் உப்பு வைத்தால் குழி குழியாக அரிச்சுடும், வேறு எதையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அதில் பச்சை மிளகாய் இருக்கிறது.